சராசரிக்குள் புதைந்தவர்கள்

38, 20, 17.

மூன்றே மூன்று எண்கள், தோழர்களே! பள்ளிப் பிள்ளை சிலேட்டில் எழுதி, எச்சில் தொட்டு அழித்துவிடக்கூடிய எண்கள். ஆனால் இவை சிலேட்டில் எழுதப்பட்டவை அல்ல. 1842ஆம் ஆண்டு இங்கிலாந்தில், உழைக்கும் மக்களின் சுகாதார நிலைமை குறித்து எட்வின் சாட்விக் என்பார் தொகுத்தளித்த அறிக்கையிலே அச்சேறிய எண்கள்.

மான்செஸ்டர்! உலகுக்கெல்லாம் துணி நெய்து அனுப்பிய நகரம். ஆலைப் புகைபோக்கிகள் காடென நின்ற நகரம். அங்கே மாண்டுபோனவர்களின் வயதையெல்லாம் கூட்டி, மாண்டவர் தொகையால் வகுத்துப் பார்த்தார்கள். சீமான்கள், உயர்தொழில் புரிவோர் குடும்பங்களிலே சராசரி 38 வயது. வணிகர் குடும்பங்களிலே 20. தொழிலாளர் குடும்பங்களிலே 17!

துணி நெய்தவன் குடும்பத்துக்கு 17; அதே ஊர்ச் சீமான் குடும்பத்துக்கு 38. ஒரே ஊர், ஒரே வானம், ஒரே மழை. ஆனால் எமன் மட்டும் வீட்டு வாசலைப் பார்த்து நுழைந்தான் போலும்!

இதை எழுதிய சாட்விக், பாட்டாளிகளின் தோழரா? இல்லை. 1834இல் வந்த புதிய ஏழைச் சட்டத்தை வடித்தவர்களிலே ஒருவர். உதவி வேண்டுமா, வீட்டை விட்டு விடுதிக்குள் வா என்று வறியவனை அழைத்து, கணவனை ஒரு கொட்டடியில், மனைவியை ஒரு கொட்டடியில், பிள்ளையை ஒரு கொட்டடியில் பிரித்துப் போட்ட சட்டம் அது. தொழிலாளர் வெறுத்த பெயர் அவருடையது. ஆயினும் அவர் அச்சிட்ட எண்ணே, அவரைப் பதவியில் அமர்த்திய வர்க்கத்துக்கு எதிராகச் சாட்சி சொல்லிற்று. எழுதியவர் யார் என்று பார்த்து எண் வாய் மூடிக்கொள்வதில்லை. ஆனால் கேட்கத் தெரிந்தவனிடம்தான் அது வாய் திறக்கும்.

அந்தக் கேட்கும் கலைக்குத்தான் புள்ளியியல் என்று பெயர். உடனே, "அது பட்டதாரிகள் விவகாரமாயிற்றே!" என்று ஏட்டை மடித்து வைத்துவிடாதீர்கள். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகிய நான்கும் தெரிந்தவருக்கு இதன் அடிப்படை அத்தனையும் புரியும். புரிந்தாகவும் வேண்டும். ஊதியப் பேச்சுவார்த்தை மேசையிலே, "சராசரி ஊதியம் ஏறிவிட்டது, பாருங்கள்" என்று ஒரு தாளை நீட்டுகிறார்கள். நீட்டுகிறவருக்கு அந்தத் தாளின் சூட்சுமம் தெரிகிறது, வாங்குகிறவருக்குத் தெரியவில்லை. இந்த நிலை நீடிக்கும் வரையில், மேசையின் இருபுறமும் போடப்பட்ட நாற்காலிகள் ஒரே உயரமாக இருந்து என்ன பயன்?

ஏழு சாவு, ஒரு சராசரி

ஆளுக்கு ஆள் மாறுவது எதுவோ அதற்கு மாறி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வயது ஒரு மாறி. கூலி ஒரு மாறி. உயரம் ஒரு மாறி. ஒரே ஒரு மாறியை மட்டும் எடுத்துக்கொண்டு ஆராய்வது முதற்படி. இரண்டு மாறிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்று அசைந்தால் மற்றொன்றும் அசைகிறதா என்று பார்ப்பது இரண்டாம் படி. இந்த இரண்டு படிகளை ஏறிவிட்டால் போதும். ஏமாற்றுக்காரரின் தொழில் பாதி படுத்துவிடும்.

முதற்படிக்கு வருவோம். மான்செஸ்டர் தொழிலாளர் குடும்பத்துச் சராசரி 17 என்றால், பதினேழு வயதில் எல்லோரும் செத்து விழுந்தார்கள் என்று பொருளா? அப்படியானால் தறியை ஓட்டியது யார்? பிள்ளை பெற்றது யார்?

கற்பனையாக ஒரு கணக்குப் போடுவோம். ஒரு சந்திலே ஓராண்டில் ஏழு சாவு. பிறந்த சில நாளில் ஒரு குழந்தை. அதற்கு வயது 0 என்று வைப்போம். ஒரு வயதிலே இரண்டு குழந்தைகள். இரண்டு வயதில் ஒன்று. நான்கு வயதில் ஒன்று. பிறகு 50 வயது நெசவாளி ஒருவர். 61 வயது மூதாட்டி ஒருவர். கூட்டுங்கள்: 119. ஏழால் வகுத்தால் 17!

கண்டீர்களா வேடிக்கையை? அந்த ஏழு பேரில் பதினேழு வயதில் இறந்தவர் ஒருவர்கூட இல்லை. பதினேழுக்குப் பக்கத்தில்கூட எவரும் இல்லை. ஐந்து சின்னஞ்சிறு குழிகளும் இரண்டு பெரிய குழிகளும் சேர்ந்து, இல்லாத ஓர் இளைஞனைப் படைத்துவிட்டன. அவன் பெயர்தான் சராசரி.

இப்போது அந்த ஏழு பேரையும் வயது வரிசைப்படி நிறுத்துங்கள்: 0, 1, 1, 2, 4, 50, 61. வரிசையின் நட்ட நடுவில், இந்தப் பக்கம் மூவர், அந்தப் பக்கம் மூவர் என நிற்பது யார்? இரண்டு வயதுக் குழந்தை! இந்த நடு ஆளுக்கு இடைநிலை அளவு என்று பெயர். சராசரி சொன்ன கதையில் ஓர் இளைஞன் இருந்தான். இடைநிலை அளவு சொன்ன கதையிலே ஒரு தொட்டில் இருக்கிறது. எந்தக் கதை உண்மைக்கு அருகில்?

மான்செஸ்டரில் நடந்ததும் அதுதான். தொழிலாளர் வீட்டுக் குழந்தைகளில் நூற்றுக்கு 57க்கு மேல் ஐந்து வயதை எட்டுமுன்பே மடிகின்றன, மேல்தட்டுக் குழந்தைகளிலோ நூற்றுக்கு 20 என்று ஏங்கெல்ஸ் 1845இல் எடுத்துக்காட்டினார். பதினேழு என்ற எண்ணைச் சுரண்டிப் பார்த்தால் அடியில் கிடப்பது இந்தப் பிஞ்சுகளின் கூட்டம்.

சராசரி கீழே இழுக்கப்படுவது போலவே மேலே தூக்கப்படுவதும் உண்டு. ஒரு பட்டறையில் பத்துப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது பேருக்கு நாள் ஒன்றுக்கு 600 ரூபாய். பத்தாமவர் நிர்வாகி; அவருக்கு 12,600 ரூபாய். மொத்தம் 18,000. பத்தால் வகுத்தால் சராசரி 1,800 ரூபாய்! "எங்கள் பட்டறையிலே சராசரிச் சம்பளம் ஆயிரத்து எண்ணூறு" என்று பலகை எழுதி மாட்டலாம். ஒரு எழுத்தும் பொய்யில்லை. ஆனால் பத்துப் பேரையும் வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரைக் கேளுங்கள், 600 என்பார். அதிகம் பேர் வாங்கும் தொகை எது என்று கேளுங்கள், அதற்கு முகடு என்று பெயர், அதுவும் 600. எஞ்சிய 1,200 ரூபாய் எவர் சட்டைப் பையிலும் இல்லை. பலகையில் மட்டுமே தொங்குகிறது!

இன்னொரு சூட்சுமமும் உண்டு. இரண்டு பட்டறைகள். இரண்டிலும் சராசரி 600. முதற் பட்டறையிலே பாதிப் பேருக்கு 580, பாதிப் பேருக்கு 620. இரண்டாவதிலே பாதிப் பேருக்கு 200, பாதிப் பேருக்கு 1,000. சராசரி ஒன்று, அடுப்பெரியும் அழகு ஒன்றா? ஒவ்வொருவரும் சராசரியை விட்டு எவ்வளவு தூரம் விலகி நிற்கிறார் என்பதை அளந்து சொல்லும் கணக்குக்குத் திட்ட விலக்கம் என்று பெயர். விலகல்களை வர்க்கப்படுத்தி, அவற்றின் சராசரி கண்டு, வர்க்கமூலம் எடுப்பார்கள். முதற் பட்டறைக்கு அது 20, இரண்டாவதற்கு 400. ஆகவே சராசரியை எவரேனும் தனியே அனுப்பிவைத்தால், "உன் கூடப்பிறந்த விலக்கம் எங்கே?" என்று கேட்டு வாங்குங்கள்.

எத்தனை பேரில்?

சாட்விக் அறிக்கையிலே மற்றொரு வரிசையும் இருந்தது. ரட்லண்ட் என்ற கிராமப்புறத்துக் கணக்கு அது. அங்கே சீமான்கள் 52, வணிகரும் உழவரும் 41, கூலித் தொழிலாளர் 38.

மான்செஸ்டர் வரிசையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிராமத்துக் கூலிக்காரன் குடும்பமும் 38. மான்செஸ்டர் சீமான் குடும்பமும் 38! பணம் மட்டுமே ஆயுளைத் தீர்மானிக்கிறது என்று நினைத்தோம். இரண்டாவது வரிசை வந்ததும், இடமும் சேர்ந்து தீர்மானிக்கிறதே என்று தெரிகிறது. ஒரு மாறி ஒரு கேள்வியை எழுப்பியது. இரண்டாவது மாறி அந்தக் கேள்வியைக் கூராக்கியது. நகரத்துச் சாக்கடையா, நகரத்துக் காற்றா, நகரத்துத் தண்ணீரா, எது கொல்கிறது?

ஆனால் இங்கே ஒரு தடையையும் நேர்மையோடு சொல்லியாக வேண்டும். எதிரியின் கணக்கை உரசிப் பார்ப்பவன், தனக்குச் சாதகமான கணக்கையும் அதே கல்லில் உரச வேண்டும் அல்லவா? நெய்சன் என்ற காப்பீட்டுக் கணக்கர் 1844இலேயே சாட்விக்கின் முறையை மறுத்தார். இறந்தவர்களின் வயதை மட்டும் கூட்டி வகுத்தால் போதாது. உயிரோடிருப்பவர்கள் எந்த வயதினர் என்றும் பார்க்க வேண்டும் என்றார். இளந்தம்பதியரும் குழந்தைகளும் வந்து குவியும் நகரத்தில், சாகிறவர்களிலும் இளவயதினரே மிகுந்திருப்பர். முதியோர் நிறைந்த ஊரில், சாகிறவர்களிலும் முதியோரே மிகுந்திருப்பர். இதனால் மட்டுமே ஓர் ஊரின் சராசரி இறங்கவும் மற்றோர் ஊரின் சராசரி ஏறவும் கூடும்.

ஆகவே சரியான கேள்வி, "எத்தனை பேர் செத்தார்கள்?" என்பதோடு நிற்பதில்லை, "எத்தனை பேரில் எத்தனை பேர்?" என்று கேட்பது. நூற்றுக்கு 57 என்ற கணக்கு அடி ஆடாமல் நிற்பது, அதன் கீழே அந்த 'நூற்றுக்கு' இருப்பதால்தான். மேலே இருக்கும் எண்ணைக் காட்டிக் கீழே இருக்கும் எண்ணை மறைப்பவர், கையைக் காட்டிப் பையை மறைப்பவர்.

உயரம் சொன்ன பொய்

இரண்டாம் படியில் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பெரிய அறிஞரே அங்கு வழுக்கினார். அந்தக் கதை லண்டன் மாநகரத்தின் காலராக் கதை.

1817இல் வங்காளத்திலிருந்து புறப்பட்டுப் பரவிய காலரா, 1831இல் இங்கிலாந்தில் கரையேறிற்று. நம் ஊரிலே வாந்திபேதி வந்தால் அம்மன் கோபம் என்று கூழ் ஊற்றினார்களே, லண்டன்காரர் மட்டும் அறிவுச்சுடர் ஏந்தி நின்றனரோ என்று எண்ணாதீர்கள். 1832 மார்ச்சில், கடவுளின் சினம் தணிய நாடு முழுவதும் ஒரு நாள் பட்டினி கிடந்து பிரார்த்தனை செய்ய அரசே ஆணையிட்டது! அன்றாடம் பட்டினி கிடந்தவன் அன்று ஒரு நாள் கூடுதலாக என்ன கிடந்திருப்பானோ! 1853இலே எடின்பரோ நகரத்து மதகுருமார் மீண்டும் அப்படி ஒரு நோன்பு நாள் கேட்டனர். உள்துறை அமைச்சராக இருந்த பாமர்ஸ்டன், முதலில் ஏழைகள் குடியிருக்கும் பகுதிகளைத் துப்புரவு செய்யுங்கள் என்ற கருத்துப்பட பதில் அனுப்பினார்.

1848-49இல் வந்த காலரா லண்டனில் மட்டும் 14,000 பேருக்கு மேல் வாரிக்கொண்டது. அந்தச் சாவுகளை ஏடு ஏடாக எண்ணியவர் வில்லியம் ஃபார். ஏழைப் பெற்றோருக்குப் பிறந்து, பதிவாளர் அலுவலகத்தின் புள்ளிவிவர மேதையாக உயர்ந்தவர். அவர் இரண்டு மாறிகளை எடுத்தார். ஒன்று, 10,000 பேருக்கு எத்தனை காலராச் சாவு. மற்றொன்று, தேம்ஸ் ஆற்றின் உயர்நீர் மட்டத்துக்கு மேலே அந்தப் பகுதி எத்தனை அடி உயரம்.

20 அடிக்குள் தாழ்ந்து கிடந்த பகுதிகளிலே 10,000 பேருக்கு 102 சாவு. 20 முதல் 40 அடி உயரத்தில் 65. 40 முதல் 60 அடியில் 34. மேலே ஏற ஏற இறங்கிக்கொண்டே போயிற்று. ஹாம்ப்ஸ்டெட் குன்றின் மேல் பத்துக்கும் குறைவு. படிக்கட்டு வைத்தது போல் எத்தனை ஒழுங்கு! இப்படி ஒரு மாறியோடு மற்றொரு மாறி சேர்ந்து அசைவதை ஒட்டுறவு என்பர். இரண்டும் சேர்ந்து ஏறினால் நேர் ஒட்டுறவு; ஒன்று ஏற மற்றது இறங்கினால் எதிர் ஒட்டுறவு. ஃபார் கண்டது எதிர் ஒட்டுறவு. அதுவும் மிக வலுவானது.

கண்டது மெய். ஆனால் அதிலிருந்து கொண்ட முடிவு? ஆற்றங்கரைச் சேற்றில் அழுகும் பொருள்களிலிருந்து நச்சுக்காற்று எழுகிறது. தாழ்ந்த இடத்தில் அது அடர்ந்து தேங்குகிறது. அதனால்தான் காலரா என்று முடிவு கட்டினார். அன்றைய மருத்துவ உலகம் பெரும்பாலும் அப்படித்தான் நம்பியது. நம்பிக்கையும் எண்ணும் கைகோத்துக்கொண்டன, யார் சந்தேகிப்பார்?

இரண்டு மாறிகளும் கைகோத்து நடக்கும்போது, அவற்றை ஆட்டிவைக்கும் மூன்றாவது ஒன்று பின்னால் நிற்கக்கூடும் என்பதை மறந்ததுதான் வழுக்கல். தாழ்ந்த பகுதி என்றால் ஆற்றங்கரைப் பகுதி. ஆற்றங்கரைப் பகுதிகளிலே, அதிலும் தென்கரையிலே, நகரத்துச் சாக்கடையெல்லாம் கலந்த தேம்ஸ் நீரையே குடிநீர்க் கம்பெனிகள் குழாய் வழியே விற்றன. மேட்டிலே குடியிருந்தவன் மேட்டினால் பிழைக்கவில்லை. அவன் வாய்க்கு அந்த நீர் வரவில்லை, பிழைத்தான்.

கூலிக்காரர் மகன் கேட்ட கேள்வி

இதைச் சொன்னவர் டாக்டர் ஜான் ஸ்னோ. 1813இல் யார்க் நகரில், நிலக்கரிக் கிடங்கில் கூலி வேலை பார்த்த ஒருவருக்கு மகனாகப் பிறந்தவர். தண்ணீர்தான் காலராவைப் பரப்புகிறது என்று 1849இலேயே நூல் எழுதினார். பெரிய இடத்து மருத்துவர்கள் ஒப்பவில்லை.

1854 ஆகஸ்டு கடைசியில் சோஹோ பகுதியில் காலரா வெடித்தது. பிராடு தெருவில் இருந்த ஓர் அடிகுழாயைச் சுற்றிச் சாவுகள் குவிந்திருப்பதைக் கண்டார் ஸ்னோ. அவர் செத்தவர்களை மட்டும் எண்ணவில்லை, சாகாதவர்களையும் எண்ணினார். பக்கத்திலே ஓர் ஏழை விடுதி. 535 பேர் இருந்தனர். இறந்தவர் ஐவர் மட்டுமே. விடுதிக்குள் தனிக் கிணறு! அதே தெருவில் மது வடிக்கும் ஆலை; எழுபதுக்கு மேற்பட்ட தொழிலாளர்; காலராவால் ஒருவரும் சாகவில்லை. அவர்கள் தெருக்குழாய் நீரைத் தொடவே இல்லை! செப்டம்பர் 8ஆம் நாள் அந்தக் குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது.

இதைவிடப் பெரிய கணக்கு தென்கரையில் காத்திருந்தது. அங்கே இரண்டு கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு ஒரே தெருக்களில் குழாய் புதைத்திருந்தன. இந்த வீட்டுக்கு லாம்பெத் கம்பெனி. அடுத்த வீட்டுக்குச் சவுத்வார்க்-வாக்ஸ்ஹால் கம்பெனி. லாம்பெத் கம்பெனி 1852இல் தன் நீரெடுப்பு நிலையத்தை, நகரத்துச் சாக்கடை எட்டாத தேம்ஸ் டிட்டனுக்கு மாற்றிக்கொண்டது. மற்றதோ பாட்டர்சியிலேயே சாக்கடை கலந்த நீரை இறைத்துக்கொண்டிருந்தது.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! ஒரே தெரு, ஆகவே ஒரே உயரம். ஒரே காற்று. இரு பக்கமும் ஏழைகள், இரு பக்கமும் வசதி படைத்தோர். ஏறத்தாழ மூன்று லட்சம் மக்கள், தாங்கள் அறியாமலே இரு பகுதியாகப் பிரிந்து நின்றனர். மாறுவது ஒன்றே ஒன்று: தண்ணீர்.

ஆனால் எந்த வீட்டுக்கு எந்தக் கம்பெனி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? குடியிருந்தவர் பலருக்கே தெரியவில்லை! தண்ணீர் வரியைக் கட்டியவர் வேறெங்கோ இருந்த வீட்டுச் சொந்தக்காரர். தன் தொண்டையில் இறங்குவது எவன் விற்ற தண்ணீர் என்றுகூட ஏழைக்குத் தெரியாது. ஸ்னோ வீடு வீடாக ஏறி இறங்கினார். தெரியாத வீடுகளில் தண்ணீரை ஒரு குப்பியில் பிடித்து, சில்வர் நைட்ரேட் கரைசலைச் சொட்டிப் பார்த்தார். சவுத்வார்க் நீரிலே உப்பு ஏறத்தாழ நாற்பது மடங்கு அதிகம். வெண்மையாகத் திரண்டு காட்டிக்கொடுத்துவிட்டது.

தொற்றின் முதல் ஏழு வாரக் கணக்கு இது. சவுத்வார்க்-வாக்ஸ்ஹால் கம்பெனி: 40,046 வீடுகள், 1,263 சாவு. லாம்பெத் கம்பெனி: 26,107 வீடுகள், 98 சாவு.

1,263 எங்கே, 98 எங்கே! பதின்மூன்று மடங்கு என்று முழங்கியிருக்கலாம். ஸ்னோ அப்படி முழங்கவில்லை. முதல் கம்பெனிக்கு வீடுகள் அதிகம் அல்லவா? ஆகவே வகுத்தார். 10,000 வீட்டுக்கு அங்கே 315, இங்கே 37. எட்டு மடங்குக்கு மேல். பதின்மூன்றைவிட எட்டு சிறியதுதான். ஆனால் எவராலும் அசைக்க முடியாத எட்டு!

அப்படியும் அசையவில்லை ஆட்சிப்பீடம். 1855இல் சுகாதார வாரியத்தின் அறிவியல் குழு அவர் கருத்தை ஏற்க மறுத்தது. 1858இல் 45ஆம் வயதிலே ஸ்னோ மறைந்தார். காலராக் கிருமியை ராபர்ட் காக் கல்கத்தாவில் தனியே பிரித்து வளர்த்துக் காட்டியது 1884இல்தான். கிருமி கண்ணுக்குச் சிக்குவதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே, கூலிக்காரர் மகன் ஒருவர் வகுத்தல் கணக்கால் அதன் வழித்தடத்தைப் பிடித்துவிட்டார்.

விலாங்கு சொன்ன சாட்சி

ஃபார் என்ன ஆனார்? இங்கேதான் அவர் பெருமைக்குரியவர் ஆகிறார். 1866இல் காலரா மீண்டும் லண்டனுக்குள் புகுந்தது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் கிழக்குப் பகுதி ஏழைகள். ஃபார் இம்முறை உயரத்தை மட்டும் பார்க்கவில்லை. எந்தக் கம்பெனித் தண்ணீர் என்று பிரித்துப் பார்த்தார். கிழக்கு லண்டன் குடிநீர்க் கம்பெனி வழங்கிய எல்லைக்குள் சாவு கொழுந்துவிட்டெரிந்தது; எல்லையைத் தாண்டினால் அடங்கியது.

கம்பெனி என்ன சொல்லிற்று? வடிகட்டாத நீர் ஒரு சொட்டுக்கூட வழங்கவில்லை என்று சாதித்தது. ஆனால் வீட்டுக் குழாய்களிலே விலாங்கு மீன் வந்து விழுந்தது! வடிகட்டியின் மணற்படுகையைத் துளைத்துக்கொண்டு விலாங்கு வந்திருக்குமா? மூடி வைக்காத நீர்த்தேக்கத்திலிருந்து வடிகட்டாத நீர் விடப்பட்டது அம்பலமாயிற்று. பதினைந்து ஆண்டுகளாகத் தாம் போற்றிய கருத்தைத் தள்ளிவைத்து, தண்ணீரே காரணம் என்று ஃபார் எழுதினார். எண் திரும்பச் சொன்னால் தானும் திரும்புகிறவனே ஆராய்ச்சிக்காரன். எண்ணைத் தன் பக்கம் திருப்புகிறவன் வழக்காடி.

கத்தி யார் கையில்?

ஒட்டுறவு எவ்வளவு வலுவானது என்பதை ஒரே எண்ணில் சொல்லும் முறை பின்னாளில் வந்தது. 1888இல் பிரான்சிஸ் கால்ட்டன் அந்தக் கருத்தை வகுத்தார். 1896இல் கார்ல் பியர்சன் அதற்குச் சூத்திரம் கொடுத்தார். அந்த எண் -1 முதல் +1 வரை. +1 என்றால் இரண்டும் முழுக்க முழுக்கச் சேர்ந்து ஏறுகின்றன. -1 என்றால் ஒன்று ஏற மற்றது அதே ஒழுங்கில் இறங்குகிறது. 0 என்றால் அவற்றிடையே நேர்கோட்டுத் தொடர்பு இல்லை. அருமையான கருவி, இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது.

ஆனால் அதே கால்ட்டன்தான், உயர்ந்த பிறவிகளைப் பெருக்கித் தாழ்ந்த பிறவிகளைக் குறைக்க வேண்டும் என்ற இனமேம்பாட்டு வாதத்துக்கு 1883இல் பெயர் சூட்டியவர். அந்த வாதத்துக்காகவே லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 1911இல் அமைந்த பேராசிரியர் பீடத்தில் முதலில் அமர்ந்தவர் பியர்சன். தந்தையின் தகுதியும் மகனின் தகுதியும் ஒட்டியிருக்கின்றன, ஆகவே எல்லாம் பிறப்பிலேயே வருகிறது என்றார்கள். தந்தை குடித்த தண்ணீரையும் மகன் குடித்த தண்ணீரையும் ஒரே குழாய்தான் கொடுத்தது என்ற மூன்றாவது மாறியை ஏன் எண்ணவில்லை? பிறப்பால் உயர்வு தாழ்வு பேசுவோர், சாத்திரத்தைக் காட்டினாலும் சூத்திரத்தைக் காட்டினாலும், நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பின்னால் நிற்பது என்ன?

ஆகவே, தோழர்களே, எவரேனும் ஓர் எண்ணை நீட்டினால் நான்கு கேள்வி கேளுங்கள். மேடையில் நம்மவர் நீட்டினாலும் கேளுங்கள். இது சராசரியா? அப்படியானால் நடுவில் நிற்பவரைக் காட்டு. எத்தனை பேரில் இத்தனை பேர்? எதனோடு ஒப்பிட்டு ஏற்றம், எதனோடு ஒப்பிட்டு இறக்கம்? இரண்டும் சேர்ந்து அசைந்தால், அசைப்பது மூன்றாவது ஒன்றா?

கேட்பதோடு நில்லாமல் நீங்களே எண்ணவும் தொடங்கலாம். உங்கள் ஆலையிலே ஓராண்டில் நேர்ந்த விபத்துகளை எழுதுங்கள். பகல் முறையில் எத்தனை, இரவு முறையில் எத்தனை என்று பிரியுங்கள். ஒவ்வொரு முறையிலும் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று எழுதி வகுத்துப் பாருங்கள். இரவு முறையில் அதிகம் என்று வந்தால், "தூக்கக் கலக்கம், தொழிலாளியின் கவனக்குறைவு" என்று சொல்ல ஆள் தயாராக இருப்பார். அப்போது ஸ்னோவை நினைத்துக்கொள்ளுங்கள். இரவில் ஓடுவது பழைய இயந்திரமா? விளக்கு போதுமா? மேற்பார்வையாளர் எத்தனை பேர்? அதே இயந்திரத்தில் பகலில் வேலை செய்தவருக்கு என்ன நேர்ந்தது?

தென்கரை ஏழைக்குத் தன் குழாய் எந்தக் கம்பெனியுடையது என்று தெரியாது. அவனுக்காக ஒருவர் குப்பியோடு படியேற வேண்டியிருந்தது. நமக்காக எவரும் படியேறி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பென்சில், நான்கு கணக்கு. இன்று இரவு முறைக்குப் போகும்போதே கையோடு எடுத்துச் செல்லுங்கள்.